கட்டளைத்தளத்திலிருந்து கண்ட கடல்: அட்லாண்டிக் போர்ப் புதினங்களில் பார்வைநிலையும் பொறுப்பும்

இரண்டாம் உலகப் போரின் களங்களுள் மிக நீண்ட காலம் ஓயாதிருந்தது அட்லாண்டிக் பெருங்கடல். 1939 செப்டம்பர் 3 அன்று பிரித்தானியா போர் அறிவித்த சில மணி நேரத்திற்குள் ‘ஏதினியா’ என்னும் பயணியர் கப்பலை யு-30 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. அன்று தொடங்கிய போர் 1945 மே மாதம் ஜெர்மனி சரணடையும் வரை நீடித்தது. அதைப் பொருளாகக் கொண்டு எழுந்த புதினங்களுள் மூன்று இன்றும் படிக்கப்படுகின்றன. அவை நிக்கலஸ் மான்சரட்டின் ‘த குருவெல் சீ’ (1951), சி. எஸ். ஃபாரஸ்டரின் ‘த குட் ஷெப்பர்ட்’ (1955), லோதர்-கூந்தர் புக்ஹைமின் ‘தாஸ் போட்’ (1973) ஆகியன. தமிழில் முறையே ‘கொடுங்கடல்’, ‘நல்ல மேய்ப்பன்’, ‘படகு’ என அவற்றைச் சுட்டலாம். நீர்மூழ்கியை அதன் மாலுமிகள் கப்பல் என்னாது படகு என்றே வழங்குவர். மூன்றாம் தலைப்பின் எளிமைக்கு அதுவே காரணம்.

இம்மூன்றையும் பாராட்டிய திறனாய்வாளர் பெரும்பாலும் ஒரே சொல்லால் பாராட்டினர்: உண்மைத்தன்மை. மான்சரட் காவற்கப்பலில் பணியாற்றியவர்; புக்ஹைம் நீர்மூழ்கியில் சென்றவர்; ஃபாரஸ்டர் கடற்படை வரலாற்றைத் தம் புதினங்களுக்காகப் பல்லாண்டு பயின்றவர். இவர்கள் கண்டதும் கற்றதும் உண்மையே. ஆனால் எங்கு நின்று கண்டனர் என்ற வினாவை அப்பாராட்டு எழுப்புவதில்லை. மூன்று புதினங்களும் கப்பலை நடத்துபவனின் இடத்தில், அதாவது கட்டளைத்தளத்தில் நிற்கின்றன. மூன்றும் ஒரே நிகழ்ச்சியைச் சுற்றிச் சுற்றி வருகின்றன: கப்பல் மூழ்கியபின் நீரில் கிடக்கும் மனிதனைக் கண்டும் காணாமல் கடந்து செல்லுதல். அந்த மனிதனுக்கு யார் பொறுப்பு என்பதற்கு ஒவ்வொரு புதினமும் தரும் விடையே அதன் வடிவத்தை முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கலைச்சொல் ஒன்றைப் பற்றி முதலில் கூறவேண்டும். கான்வாய் என்னும் சொல் இன்று தமிழில் அமைச்சர்களின் ஊர்தி வரிசையைக் குறிக்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பழந்தமிழில் இதற்கு நிகரான சொல் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து சுங்கச் சாவடியுள்ள பெருவழியில் செல்கிறது. வழிகள் கூடும் இடங்களை வில்லேந்தியவர் காக்கின்றனர். வணிகமும் அச்சமும் காவலும் ஒருங்கே அடங்கிய சொல் ‘சாத்து’. அட்லாண்டிக்கில் சென்றதும் கப்பற்சாத்துதான். எனவே அச்சொல்லே இங்குக் கையாளப்படுகிறது.

கப்பற்சாத்தின் இயக்கத்தை அறியாதவருக்கு இப்புதினங்களின் அறச்சிக்கல் புலப்படாது. முப்பது, நாற்பது வணிகக் கப்பல்கள் பல நிரல்களாக, நீளத்தைவிட அகலம் மிகுந்த செவ்வகமாக அணிவகுக்கும். பக்கவாட்டிலிருந்து எய்யப்படும் டார்பீடோவுக்கு இலக்கு குறைய வேண்டும் என்பதே அவ்வடிவத்தின் நோக்கம். மிக மெதுவாகச் செல்லும் கப்பலின் வேகமே அனைத்தின் வேகம். வணிகக் கப்பல்களின் ஒழுங்குக்கு அவற்றுள் ஒன்றில் பயணம் செய்யும் கொமடோர் பொறுப்பு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் அப்பதவியில் இருப்பார். காவலுக்குப் பொறுப்பாளர் வேறொருவர். காவற்கப்பல்களோ மிகச் சில. 1940 அக்டோபரில் 35 கப்பல்களோடு புறப்பட்ட எஸ்சி 7 என்னும் சாத்துக்குத் தொடக்கத்தில் துணையாக வந்தது ஒரே ஒரு போர்க்கப்பல். அச்சாத்தில் 20 கப்பல்கள் மூழ்கின.

இந்நிலையில் காவற்கப்பல் ஒன்று நின்று நீரில் தத்தளிப்போரை ஏற்றத் தொடங்கினால் இரண்டு கேடுகள் விளையும். காவல் வளையத்தில் ஓர் ஓட்டை விழும். நின்ற கப்பலே அடுத்த இலக்காகும். ஆகவே தாக்குதல் ஓயும்வரை நிற்காதே என்பது நடைமுறை விதியாயிற்று. நிரலின் கடைசிக் கப்பல் மீட்பில் ஈடுபட வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. இருளில், அலையில், அஞ்சிய மாலுமிகளிடையே அது பலமுறை பயனற்றுப் போயிற்று. 1941 சனவரி முதல் சிறிய கரையோரப் பயணியர் கப்பல்கள் மீட்புக் கப்பல்களாக மாற்றப்பட்டுச் சாத்தின் பின்னே அனுப்பப்பட்டன. ஏறுவலைகளும் மருத்துவரும் கொண்ட அக்கப்பல்கள் போர் முடிவதற்குள் 4,000 பேருக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றின. எல்லாச் சாத்துகளுக்கும் அவை வாய்க்கவில்லை. வாய்க்காத இரவுகளில்தான் மேற்குறித்த மூன்று புதினங்களும் நடக்கின்றன.

மான்சரட்: வில்லனாக்கப்பட்ட கடல்

1910இல் லிவர்பூலில் பிறந்த மான்சரட் போருக்கு முன் போரெதிர்ப்புக் கொள்கையர். பின்னர்த் தன்னார்வக் கடற்படையில் சேர்ந்து கார்வெட் எனப்படும் சிறு காவற்கப்பல்களில் பணியாற்றினார். திமிங்கில வேட்டைக் கப்பலின் வரைபடத்தை ஒட்டி அவசரமாகக் கட்டப்பட்ட இக்கப்பல்கள் எந்தக் கடலிலும் மூழ்காது மிதக்கும். ஆனால் உள்ளிருப்போரை ஒரு கணமும் நேராக நிற்கவிடா. ‘கொடுங்கடல்’ அத்தகைய ‘காம்பஸ் ரோஸ்’ என்னும் கற்பனைக் கப்பலின் கதை. தலைவன் எரிக்சன் வணிகக் கப்பல் அனுபவம் உடையவன். லாக்ஹார்ட் பத்திரிகையாளனாக இருந்து மாலுமியானவன். புதினம் 1939 முதல் 1945 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு பகுதிகளாக அமைந்துள்ளது. போரின் ஏற்ற இறக்கமே கதையின் ஏற்ற இறக்கமாக அமைய இப்பகுப்பு உதவுகிறது.

நூலின் வாயிலிலேயே ஆசிரியர் ஒரு பங்கீட்டைச் செய்துவிடுகிறார். மனிதர் நாயகர், கப்பல்கள் நாயகியர், கடல் ஒன்றே கொடியவன் என்பது அதன் சாரம். கேட்க இனிமையானது இப்பங்கீடு. எதிரியையும் அது மனிதனாகவே விட்டுவைக்கிறது. ஆயினும் அது செய்யும் மற்றொரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். கொடுமை அனைத்தையும் கடலின்மேல் ஏற்றிவிட்டால் கட்டளையிட்டவர், கப்பல் ஒதுக்கியவர், விமானம் மறுத்தவர் எல்லோரும் வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகின்றனர்.

இதனைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தருகிறது. 1943 மார்ச்சில் எச்எக்ஸ் 229, எஸ்சி 122 என்னும் இரு சாத்துகள் 22 கப்பல்களை இழந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. மே 24 அன்று தளபதி டூனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தம் நீர்மூழ்கிகளைப் பின்வாங்கச் செய்தார். மார்ச்சுக்கும் மே மாதத்திற்கும் இடையே கடல் மாறிவிடவில்லை. நெடுந்தொலைவு பறக்கும் லிபரேட்டர் விமானங்கள் நடுக்கடலுக்கு வந்தன. துணைக் காவலணிகளும் விமானந்தாங்கிகளும் புதிய ரேடார்க் கருவிகளும் சேர்ந்தன. அதுவரை நடுக்கடலில் விமானம் எட்டாத ஒரு வெளி இருந்தது. அவ்விமானங்களுள் போதியன முன்னரே கடலுக்கு ஒதுக்கப்படாமைக்கு ஜெர்மனியின் நகரங்களைக் குண்டுவீசித் தகர்ப்பதற்கு அளிக்கப்பட்ட முதன்மையும் ஒரு காரணம். அதற்கு முன் மூழ்கியோருள் பலர் கடலின் கொடுமையால் அல்ல, மேசைமேல் நடந்த ஒரு பங்கீட்டால் மூழ்கினர்.

ஆனால் மான்சரட்டின் சிறப்பு அவருடைய முன்னுரையில் இல்லை. அதனை மீறி அவர் எழுதிய இரு இடங்களில் உள்ளது. முதலாவது 1941ஆம் ஆண்டுப் பகுதியில் வருகிறது. கப்பல் ஒன்று மூழ்கியபின் அதன் மாலுமிகள் நீரில் கூட்டமாகக் கிடக்கின்றனர். ஒலியலையை அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கியைக் கண்டறியும் ஆஸ்டிக் கருவி அவர்களுக்கு நேர்கீழே ஏதோ இருப்பதாகக் காட்டுகிறது. மேலே கிடப்பவர்கள் தம்மை மீட்கக் கப்பல் வருகிறது என்று எண்ணுகின்றனர். எரிக்சன் ஆழ்குண்டுகளை வீசக் கட்டளையிடுகிறான். நீர்மூழ்கி அழிந்ததற்கான அடையாளம் எதுவும் மேலே வரவில்லை.

இக்காட்சியின் வலிமை அந்த ஐயத்தில் இருக்கிறது. நீர்மூழ்கி அழிந்தது என்று காட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். சிலரை இழந்து பலரைக் காத்தான் என்று படிப்பவர் ஆறுதல் கொண்டிருப்பர். ஆஸ்டிக்கின் எதிரொலி மூழ்கிய கப்பலின் உடலாகவும் இருக்கலாம், வெப்பநிலை மாறும் நீரடுக்காகவும் இருக்கலாம், மீன்கூட்டமாகவும் இருக்கலாம். மான்சரட் விடை தரவில்லை. கடல் கொடியது என்ற சமாதானமும் இங்கே செல்லுபடியாகாது. அவர்களைக் கொன்றது அவர்களைக் காக்க வந்த கப்பல். 1953இல் சார்லஸ் ஃபிரெண்ட் இயக்கிய திரைப்படத்தில் ஜாக் ஹாக்கின்ஸ் ஏற்ற எரிக்சன் இந்நிகழ்ச்சிக்காகக் கண்ணீர் விடுகிறான். பழி போரின்மேல் சுமத்தப்படுகிறது. நடிப்பு அரியது. ஆனால் காண்பவரின் இரக்கம் நீரில் இருந்தவரிடமிருந்து தலைவனிடம் இடம்பெயர்ந்துவிடுகிறது. கட்டளைத்தளத்தில் நின்று கதை சொல்வதன் இயல்பான விளைவு அது.

இரண்டாவது இடம் ‘காம்பஸ் ரோஸ்’ தாக்கப்பட்டு மூழ்கும் இரவு. தலைவனும் லாக்ஹார்ட்டும் மிதவைகளில் தொற்றிக்கொள்கின்றனர். புதினத்தின் பார்வைநிலை முதன்முறையாக நீர்மட்டத்திற்கு இறங்குகிறது. இறங்கியதும் நடை மாறுகிறது. அதுவரை நீரில் கிடந்தவர் ‘அவர்கள்’ எனத் தொகையாகச் சுட்டப்பட்டனர். இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியே, தத்தம் இயல்புக்கேற்ப இறக்கின்றனர். ஒருவன் பாடிக்கொண்டு, ஒருவன் சினந்து, ஒருவன் யாரையும் தொந்தரவு செய்யாமல். பொழுது புலர்ந்து ‘வைப்பரஸ்’ என்னும் துணைக்கப்பல் வந்து மீட்கும்போது எஞ்சியோர் மிகச் சிலர். அட்லாண்டிக் போர் குறித்த புனைவுகளில் இதற்கு மேற்பட்ட பக்கங்கள் இல்லை என்று துணிந்து கூறலாம். அதே வேளையில் ஒன்றைக் கேட்காமலும் இருக்க முடியாது. நீரில் கிடப்போர் பெயர் பெறுவதற்கு அவர்கள் கடற்படையினராக, கட்டளைத்தளத்திலிருந்து விழுந்தவர்களாக இருக்க வேண்டியிருந்தது. ஆழ்குண்டால் இறந்த வணிக மாலுமிகளுள் ஒருவனுக்கும் புதினம் பெயரிடவில்லை.

இரண்டாம் பாதியில் வரும் ‘சால்டாஷ்’ கப்பலின் கதை முதற்பாதியின் நிழலே. காதற்பகுதிகளும் பெண்பாத்திரங்களும் நலிந்தவை; அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

ஃபாரஸ்டர்: மேய்ப்பனின் கணக்கு

ஃபாரஸ்டரின் புதினம் வடிவத்தால் மூன்றினும் செறிவானது. அமெரிக்க அழிகப்பல் ‘கீலிங்’கின் தலைவன் கிராஸ் 37 வணிகக் கப்பல்களை நான்கே காவற்கப்பல்களோடு நடத்திச் செல்கிறான். மற்ற மூன்றும் போலந்து, பிரித்தானிய, கனடியக் கப்பல்கள். அவற்றின் தலைவர்கள் அவனைவிட இளையவர், அவனைவிடப் போர் கண்டவர். பதவி உயர்வில் ஒதுக்கப்பட்டிருந்த கிராஸுக்கு இதுவே முதற்போர். ஏறத்தாழ இரண்டு நாள் நிகழ்ச்சி கடற்காவல் முறைகளின் பெயரால் பகுக்கப்பட்டுச் சொல்லப்படுகிறது. இடைவெளியில்லை, உணவில்லை, உறக்கமில்லை, குளிர்ந்த பாதங்களும் காப்பியும் மட்டும். ஆசிரியர் ஒரு வரிகூட கிராஸின் தலைக்கு வெளியே செல்வதில்லை.

போரைச் செயல்முறையாக, கோணமும் வேகமும் எரிபொருளும் எஞ்சிய ஆழ்குண்டுகளின் எண்ணிக்கையுமாகக் காட்டியதில் ஃபாரஸ்டருக்கு நிகரானவர் இல்லை. ஒரு காவற்கப்பல் நீர்மூழ்கியைத் துரத்தி எத்தனை நிமிடம் விலகிச் செல்லலாம், அந்நிமிடங்களில் எந்தப் பக்கம் திறந்து கிடக்கும் என்ற கணக்கைப் படிப்பவரும் கிராஸோடு சேர்ந்து போடுகிறார். 2020இல் ‘கிரேஹவுண்ட்’ என்னும் பெயரில் வந்த திரைப்படம் அவ்வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

தலைப்பு யோவான் நற்செய்தியிலிருந்து வருவது. தமிழ்க் கிறித்தவருக்கு ‘நல்ல மேய்ப்பன்’ என்றவுடன் ஆட்டைத் தோளில் சுமந்த உருவம் நினைவுக்கு வரும். போதகரின் மகனாகிய கிராஸின் எண்ணங்களில் விவிலியத் தொடர்கள் இடையறாது ஓடுகின்றன. ஆனால் நற்செய்திகளின் மற்றோர் உவமையில் மேய்ப்பன் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு வழிதவறிய ஒன்றைத் தேடிச் செல்கிறான். கப்பற்சாத்தின் மேய்ப்பன் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: எஞ்சியவற்றுக்காக அந்த ஒன்றை விட்டுவிட வேண்டும். விவிலியம் அறிந்த கிராஸுக்கு இம்முரண் நெஞ்சில் தைத்திருக்க வேண்டும். தைக்கும் அளவுக்கு அவனுக்கு நேரம் தரப்படவில்லை. அடுத்த எதிரொலி, அடுத்த திருப்பம், அடுத்த கட்டளை வந்துவிடுகிறது. விரைவே இங்கு மன்னிப்பாகிறது. கடலின்மேல் மான்சரட் ஏற்றிய பழியை ஃபாரஸ்டர் கடிகாரத்தின்மேல் ஏற்றுகிறார். இறுதியில் கிராஸ் உறங்குகிறான். அவ்வுறக்கம் உடலுக்கு உரியது, வினாவுக்கு விடையன்று.

மேய்ப்பனே ஆடுகளை விட்டு நீங்கிய நிகழ்ச்சியும் அப்போரில் உண்டு. 1942 சூலை 4 அன்று ‘டிர்பிட்ஸ்’ என்னும் ஜெர்மானியப் பெருங்கப்பல் வரக்கூடும் என்ற அச்சத்தில் கடற்படைத் தலைமை பிகியூ 17 சாத்தைச் சிதறிச் செல்லுமாறு ஆணையிட்டது. காவற்கப்பல்கள் விலகின. 35 வணிகக் கப்பல்களுள் 24 மூழ்கின. ‘டிர்பிட்ஸ்’ அவற்றை நெருங்கவேயில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ஃபாரஸ்டர் அந்நிகழ்ச்சியை அறியாதவராக இருந்திருக்க முடியாது. தம் நாயகனை அத்தகைய ஆணைக்கு உட்படுத்தாமல், தலைமையகம் எட்டாத நடுக்கடலில் தனியனாக நிறுத்தினார். தனியனுக்குக் கடமை இருக்கும். கீழ்ப்படிதலின் இழுக்கு இராது. அதே 1955இல் வெளிவந்த அலிஸ்டர் மக்லீனின் ‘எச்எம்எஸ் யுலிசஸ்’ ஆர்க்டிக் வழியையே களமாகக் கொண்டு தலைமையின்மேல் கசப்பை வெளிப்படையாகக் காட்டுகிறது. கலைநயத்தில் அது தாழ்ந்தது; அந்த ஒரு நேர்மையில் ஃபாரஸ்டரை விஞ்சியது.

புக்ஹைம்: நீருக்கு அடியிலிருந்து

1941இல் போர்ச் செய்தியாளராக யு-96இல் பயணம் செய்த புக்ஹைம் முப்பதாண்டுகளுக்கும் மேல் கழித்துத் தம் புதினத்தை வெளியிட்டார். கதைசொல்லி செய்தியாளன், தலைவனுக்குப் பெயரில்லை, ‘கிழவர்’ என்ற அழைப்பு மட்டுமே. பூசணமும் டீசல் நாற்றமும் நிறைந்த இரும்புக் குழாய்க்குள் மனிதர் படும் அவதியை இவ்வளவு விரிவாக யாரும் எழுதியதில்லை. இலக்கு அவர்களுக்குக் கப்பலாகத் தெரிவதற்கு முன் எடையாகத் தெரிகிறது. டூனிட்ஸின் போர்க்கணக்கே மூழ்கடித்த டன்களின் கணக்குதான். தாக்கப்பட்ட கப்பலின் உட்சுவர்கள் உடையும் ஓசையை நீருக்கு அடியில் இருந்து கேட்பவர்களுக்கு அதனுள் இருப்பவரின் முகம் எப்படித் தெரியும்?

1981இல் வொல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்த திரைப்படத்தில் அம்முகம் தெரிந்துவிடும் காட்சி ஒன்றுண்டு. எரியும் எண்ணெய்க் கப்பலில் இன்னும் ஆள் இருப்பது கண்டு நீர்மூழ்கி வீரர் திகைக்கின்றனர். கடலில் குதித்தவர்கள் அவர்களை நோக்கி நீந்தி வருகின்றனர். தலைவன் படகைப் பின்னோக்கிச் செலுத்தச் சொல்கிறான். மான்சரட்டின் ஆழ்குண்டுக் காட்சிக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் கண்ணாடி இது. ஆனால் அத்திரைப்படம் 40,000 நீர்மூழ்கி வீரருள் 30,000 பேர் திரும்பவில்லை என்ற அறிவிப்போடு தொடங்குகிறது. எண் பிழையன்று, பயங்கரமானது. எனினும் கதை தொடங்கும் முன்னரே துயரத்தின் உரிமையாளர் யார் என்பதை அது தீர்மானித்துவிடுகிறது. அவர்கள் மூழ்கடித்த கப்பல்களின் மாலுமிகளுக்கு அப்படியோர் எண் காட்டப்படவில்லை.

விட்டுச் செல்லுதல் எழுத்து வடிவில் ஆணையான கதையையும் இங்கே நினைக்க வேண்டும். 1942 செப்டம்பர் 12 அன்று யு-156 ‘லக்கோனியா’வை மூழ்கடித்தது. அதில் இத்தாலியப் போர்க்கைதிகள் இருப்பதறிந்த தலைவன் ஹார்ட்டன்ஸ்டைன் தத்தளித்தோரைத் தன் நீர்மூழ்கியில் ஏற்றினான். உதவி கோரி மறைகுறியின்றி வானொலியில் அறிவித்தான். செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்த அப்படகின்மேல் அமெரிக்க விமானம் ஒன்று குண்டு வீசியது. செப்டம்பர் 17 அன்று, மூழ்கிய கப்பல்களின் மக்களை மீட்க முயலக்கூடாது என்று டூனிட்ஸ் ஆணையிட்டார். நியூரம்பர்க் தீர்ப்பாயம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. ஆனால் நீர்மூழ்கிப் போர்விதிகளை மீறிய குற்றத்தைத் தண்டனையின் அளவுக்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை. பிரித்தானியாவின் ஆணை ஒன்றும், பசிபிக்கில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் அவ்வாறே நடந்தன என்ற நிமிட்ஸின் விடையும் அதற்குக் காரணம் காட்டப்பட்டன. இரு தரப்பும் செய்ததால் ஒரு தரப்பைத் தண்டிக்க இயலவில்லை. சட்டத்திற்கு இது போதும். இலக்கியம் இங்கிருந்து தொடங்கியிருக்கலாம், புக்ஹைம் தொடங்கவில்லை.

கீழ்த்தளத்தில் இருந்தவர்

இவ்வளவும் கட்டளைத்தளத்தின் இலக்கியம். நீரில் கிடந்தவர் யார்? பிரித்தானிய வணிகக் கப்பல்களில் பணிபுரிந்தோருள் போர் தொடங்கும் காலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினர் லாஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள். வங்காளத்தின் சில்ஹெட், கோவா, குசராத்து, பஞ்சாப் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கொதிகலன் அறையிலும் சமையற்கட்டிலும் அவர்களுக்கு வேலை. டார்பீடோ பெரும்பாலும் தாக்குவது நீர்மட்டத்திற்குக் கீழே. கொதிகலன் அறையும் அங்கேதான். ஒரே கப்பலில் ஒரே ஆபத்துக்கு உட்பட்ட ஐரோப்பிய மாலுமியின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியே அவர்கள் பெற்றது. 1939இல் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களுள் பலர் சிறை சென்றனர். 

‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலின் கதை ஓரளவு அறியப்பட்டது. 1940 செப்டம்பர் 17 இரவு, காவற்கப்பல்கள் வேறொரு சாத்தை எதிர்கொள்ளப் பிரிந்து சென்றபின், யு-48 அதனைத் தாக்கியது. கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 சிறுவருள் 77 பேர் இறந்தனர். பன்னிரண்டாம் உயிர்காப்புப் படகில் 46 பேர் எட்டு நாள் மிதந்தனர். அப்படகைப் பற்றிய எழுத்துகள் பலவற்றில் நடுவில் நிற்பவர்கள் ஆறு சிறுவரும் அவர்களைப் பேணிய ஆசிரியை மேரி கார்னிஷும். அவர்களின் உறுதி போற்றத்தக்கது. ஆனால் அப்படகில் பெரும்பான்மையோர் இந்திய மாலுமிகள். அவர்கள் அந்த எட்டு நாளும் தமக்குள் என்ன பேசினர் என்பதை எழுதிய புதினம் இல்லை. அமிதவ் கோஷ் லாஸ்கர்களின் மொழியைத் தேடியெடுத்து அரிய புனைவாக்கினார். அது 1830களின் அபினிக் கடல், 1940களின் அட்லாண்டிக் அன்று.

வேறொரு நிற்குமிடம் இயலாததன்று என்பதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) அதே போரின் மற்றொரு கடலில் நடக்கிறது. சப்பானியர் பிடியில் இருந்த மலாக்கா நீரிணையைத் தொங்கானில் கடக்கும் பாண்டியனும் உடன் செல்வோரும் கடற்படையினர் அல்லர். சரக்கும் கணக்கும் ஊர் நினைவும் சுமந்தவர்கள். புயல் வரும்போது அவர்களுக்கு விதிநூல் இல்லை, தலைமையகம் இல்லை. புக்ஹைமின் புதினத்தைப் போலவே நெடுங்காலம் கழித்து, அதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்தது இந்நூல். அதில் போர் எங்கும் இருக்கிறது. போர்க்கப்பலின் தலைவன் எங்கும் இல்லை. சிங்காரம் கடற்போரை எழுதினார் என்று யாரும் சொல்வதில்லை. மான்சரட்டை அளவுகோலாகக் கொண்டதால் வந்த குறை அது.

லண்டன் டவர் ஹில்லில் கடலையன்றி வேறு கல்லறையில்லாத வணிக மாலுமிகள் ஏறத்தாழ 24,000 பேரின் பெயர்கள், இரண்டாம் உலகப் போருக்கு மட்டும், கப்பல்வாரியாக வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய வணிக மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் சிட்டகாங்கிலும் மும்பையிலும் வைக்கப்பட்டுள்ள நினைவேட்டில் உள்ளன. ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலில் அன்றிரவு இறந்த பிரித்தானிய மாலுமிகளைத் தகட்டிலும், அவர்களோடு பணிபுரிந்து இறந்த இந்திய மாலுமிகளை ஏட்டிலும் தேட வேண்டும்.